இரண்டு பெயரடைகளை நம்பியிருந்த நகரம்: 1982–84 ஹாங்காங் பேச்சுவார்த்தையைப் பத்திரிகைகளும் மக்களும் எதிர்கொண்ட விதம்

1983 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் குடியேற்றநாடாக இருந்த ஹாங்காங்கின் எதிர்காலம் குறித்துப் பிரிட்டனும் சீனாவும் பெய்ஜிங்கில் நடத்திவந்த பேச்சுவார்த்தையின் நான்காவது சுற்று முடிந்து, வழக்கம்போல ஒரு சிறு கூட்டறிக்கை வெளியானது. இரு தரப்பும் பேசின என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. மறுநாள் சனிக்கிழமை, ஓர் அமெரிக்க டாலருக்கு 9.6 ஹாங்காங் டாலர் என்ற அளவுக்கு அந்நகரத்தின் நாணயம் சரிந்தது. கடைகளில் அரிசி, சமையல் எண்ணெய், கழிப்பறைக் காகிதம் ஆகியவற்றை மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சில கடைக்காரர்கள் விலையை அமெரிக்க டாலரில் சொல்லத் தொடங்கினார்கள். உண்ணும் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் ஒரு நகரத்தில் நாணயம் சரிவது அடுப்பங்கரை வரை எட்டும் செய்தி. அந்த நாளை ஹாங்காங் இன்றும் ‘கறுப்புச் சனிக்கிழமை’ என்றே நினைவுகூர்கிறது.

அறிக்கையில் இருந்த எந்தச் சொல்லும் இதற்குக் காரணமல்ல. அதில் இல்லாமல்போன இரண்டு சொற்களே காரணம். அந்த ஆண்டு ஜூலை 12, 13 தேதிகளில் நடந்த முதல் சுற்றின் முடிவில் பேச்சு ‘பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும்’ இருந்தது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு ‘பயனுள்ளதாக’ என்பது மட்டும் மிஞ்சியது. மூன்றாவது சுற்றில் இரண்டுமே காணாமல் போயின. நான்காவதிலும் அவை திரும்பவில்லை. பேச்சு வார்த்தையின் உள்ளடக்கத்தை இரகசியமாக வைத்திருப்பது என்று இரு அரசுகளும் முடிவு செய்திருந்ததால், ஐம்பது லட்சம் மக்களுக்குத் தங்கள் எதிர்காலம் பற்றிக் கிடைத்த அதிகாரபூர்வமான தகவல் அந்த இரண்டு பெயரடைகள்தாம். அறைக்குள் பெரியவர்கள் பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருக்க, திண்ணையில் காத்திருப்பவர்கள் வெளியே வருபவரின் முகத்தைப் பார்த்தே முடிவை ஊகிப்பதைப் போல, ஹாங்காங்கின் பத்திரிகைகள் கூட்டறிக்கையின் சொற்களையும், ஆளுநர் எட்வர்ட் யூட் விமானத்திலிருந்து இறங்கும்போது முகம் மலர்ந்திருந்ததா என்பதையும் ஆராய்ந்துகொண்டிருந்தன.

இதைச் சந்தையின் பதற்றம் என்றோ பத்திரிகைகளின் மிகைப்படுத்தல் என்றோ ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பெயரடைகளை மக்கள் சரியாகத்தான் வாசித்தார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. இறையாண்மையை விட்டுக்கொடுத்தாலும், குத்தகை முடியும் 1997க்குப் பிறகு நிர்வாகம் தன் கையில் நீடிக்க வேண்டும் என்று பிரிட்டன் அந்த மாதங்களில் வாதாடிக்கொண்டிருந்தது. இறையாண்மையும் நிர்வாகமும் பிரிக்க முடியாதவை என்று சீனா மறுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் பேச்சு உண்மையிலேயே முட்டி நின்றது. நாணயச் சரிவுக்குப் பிறகு, சீனாவின் திட்டத்தின் அடிப்படையில் பேசிப்பார்க்கலாம் என்று பிரிட்டன் இறங்கிவந்தது. அக்டோபர் 19, 20 தேதிகளில் நடந்த ஐந்தாவது சுற்றின் அறிக்கையில் இரண்டு பெயரடைகளும் திரும்பிவந்தன. இதற்கிடையே அக்டோபர் 17 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்று ஹாங்காங் அரசு தன் நாணயத்தின் மதிப்பைக் கட்டிவைத்தது. பேச்சு தடுமாறிய ஒரு வாரத்தின் பீதியில் பிறந்த அந்த ஏற்பாடு, ஹாங்காங்கின் நாணயக் கொள்கைக்கு அடித்தளமாக இன்றும் நிற்கிறது.

இப்படி ஒரு நிலை ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஹாங்காங் தீவு 1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கையாலும், கவுலூன் தீபகற்பத்தின் தென்முனை 1860இன் பீக்கிங் உடன்படிக்கையாலும் பிரிட்டனுக்கு நிரந்தரமாக அளிக்கப்பட்டவை. அவற்றுக்கு வடக்கே பரந்துகிடக்கும் ‘நியூ டெரிட்டரிஸ்’ பகுதி மட்டும் 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. குடியேற்றநாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 92 சதவீதம் இந்தக் குத்தகை நிலம். அது 1997 ஜூன் 30 அன்று முடிய வேண்டும். அந்தப் பகுதியில் அரசு வழங்கிய நிலப் பட்டாக்கள் எல்லாம் அதற்கு மூன்று நாள் முன்பாகக் காலாவதியாகும் வகையில் எழுதப்பட்டிருந்தன. வீட்டுக்கடன் பதினைந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 1982இல் கடன் வாங்குபவர் கடைசித் தவணையைக் கட்டும்போது அவர் வீடு நிற்கும் நிலம் யாருடையது என்று வங்கிக்கே தெரியாது. இறையாண்மை என்ற கனத்த சொல் ஹாங்காங்கின் சாதாரணக் குடும்பத்துக்குள் நுழைந்த வாசல் இந்த வீட்டுக்கடன்தான்.

1979 மார்ச்சில் ஆளுநர் மேக்லிஹோஸ் பெய்ஜிங் சென்று சீனாவின் உச்சத் தலைவர் டெங் சியாவோபிங்கைச் சந்தித்தார். முதலீட்டாளர்கள் மனத்தை நிம்மதியாக வைத்துக்கொள்ளட்டும் என்று டெங் சொன்னதை ஊர் திரும்பிய ஆளுநர் அறிவிக்க, பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. ஹாங்காங்கை மீட்டுக்கொள்ளும் எண்ணம் சீனாவுக்கு இருப்பதை அதே சந்திப்பில் டெங் தெளிவாக்கியிருந்தார். அந்தப் பாதி மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் நில விலையும் பங்கு விலையும் வானளாவ உயர்ந்ததில் இந்தப் பாதி உண்மைக்கும் ஒரு பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். மக்களிடம் மறைத்ததற்கான விலையை ஆட்சியாளர்கள் அல்ல, அந்த நிம்மதியை நம்பி வீடு வாங்கியவர்கள்தான் கொடுத்தார்கள்.

1982 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் பெய்ஜிங் சென்றார். அர்ஜென்டினாவுடனான ஃபாக்லாந்து போரில் வென்று மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அவரைச் சந்திப்பதற்கு முன்பே, சீனப் பிரதமர் சாவ் சியாங் ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த செய்தியாளர்களிடம் சீனா இறையாண்மையை மீட்டே தீரும் என்று சொல்லிவிட்டார். மேசையில் பேச வேண்டியதை முன்கூட்டியே செய்தியாளர் வழியாக ஊருக்குச் சொல்லிவிடும் இந்த உத்தியைச் சீனத் தரப்பு அடுத்த இரண்டு ஆண்டுகளும் கையாண்டது. செப்டம்பர் 24 அன்று டெங்கைச் சந்தித்துவிட்டு மக்கள் மாமன்றத்தின் படிகளில் இறங்கியபோது தாட்சர் கால் இடறி விழுந்தார். அந்தக் காட்சி ஹாங்காங் தொலைக்காட்சிகளில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானது. சகுனம் பார்க்கும் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கறுப்புச் சனிக்கிழமை இதே தேதியில் சரியாக ஓராண்டு கழித்து வந்தது.

பெய்ஜிங்கிலிருந்து ஹாங்காங் வந்த தாட்சர், பழைய உடன்படிக்கைகள் சட்டப்படி செல்லுபடியானவை என்றும், ஓர் உடன்படிக்கையை மதிக்காத நாடு இன்னொன்றையும் மதிக்காது என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார். சீன ஊடகங்கள் கொதித்தெழுந்தன. அபினிப் போரில் தோற்ற நாட்டின் தலையில் கட்டப்பட்ட சமமற்ற உடன்படிக்கைகளை எந்தச் சீன அரசும் ஏற்காது என்று ஷின்ஹுவா செய்தி நிறுவனம் பதில் கொடுத்தது. ஹாங்காங்கின் நிலை இதைவிடச் சிக்கலானது. அந்த நகரத்தில் பெரும்பாலோர் சீனர்கள். அபினிப் போர் அவர்களுக்கும் அவமானம்தான். அவர்களில் மிகப் பலர் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1949க்குப் பிறகும், பெரும் பஞ்சத்தின்போதும், கலாசாரப் புரட்சியின்போதும் எல்லை தாண்டி ஓடிவந்த குடும்பங்கள் என்பதும் உண்மை. உடன்படிக்கைகள் நியாயமானவை என்று பேசிய தாட்சர் மீது மாணவர்கள் கோபப்பட்டார்கள். அதே மாணவர்களின் பெற்றோர், அந்த உடன்படிக்கைகளின் நிழலில்தான் நாம் தப்பிப் பிழைத்தோம் என்று உள்ளூர நினைத்தார்கள். இருக்கும் நிலையே நீடிக்கட்டும் என்பதுதான் அக்காலக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோரின் விருப்பமாக இருந்தது. அது காலனியாட்சி மீதான காதல் என்று வாசிப்பது தவறு. இரு பக்கமும் தெரிந்தவர்கள் செய்த கணக்கு அது.

பங்குச் சந்தையும் தன் கருத்தைச் சொன்னது. 1981 ஜூலையில் 1,810 வரை ஏறியிருந்த ஹாங் செங் குறியீடு 1982 டிசம்பர் தொடக்கத்தில் 676க்கு வந்து நின்றது. உலகப் பொருளாதார மந்தமும், ஊதிப் பெருத்த நிலச் சந்தையின் வெடிப்பும் இதற்குப் பெரும் காரணங்கள் என்பதை மறைக்கக் கூடாது. 1997 பற்றிய அச்சம் அவற்றின் மேல் வந்து விழுந்தது.

அன்றைய ஹாங்காங் பத்திரிகை உலகத்தைப் போல நெருக்கமாகவும் பலவகையாகவும் இருந்தது ஆசியாவில் அரிது. ‘வென் வெய் போ’, ‘டா குங் பாவ்’ ஆகியவை பெய்ஜிங்கின் குரல். ‘ஹாங்காங் டைம்ஸ்’ தைவானில் ஆண்ட கோமிண்டாங் கட்சியின் குரல். இவற்றுக்கு நடுவே எந்தக் கட்சியின் பணமும் இல்லாமல் விற்பனையை நம்பி நடந்த சீன மொழி நாளேடுகள் ஏராளம். ஆங்கிலத்தில் ‘சவுத் சைனா மார்னிங் போஸ்ட்’ ஆட்சியாளர்களும் வங்கியாளர்களும் படிக்கும் ஏடு. வட்டாரம் முழுவதும் வாசிக்கப்பட்ட ‘ஃபார் ஈஸ்டர்ன் எக்கனாமிக் ரிவ்யூ’ வார இதழும் அங்கிருந்துதான் வெளிவந்தது. படித்த நடுத்தர வர்க்கம் மிகவும் உன்னிப்பாக வாசித்தது ‘மிங் பாவ்’ நாளேட்டின் தலையங்கங்களை. அதன் நிறுவனர் லூயி சா 1981இல் டெங்கை நேரில் சந்தித்துவிட்டு வந்தவர். பின்னாளில் ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டத்தை வரைந்த குழுவிலும் இடம்பெற்றார். சீனா மீட்டுக்கொள்வது உறுதி, வாழ்க்கைமுறை மாறாமல் அது நடக்க வழி தேட வேண்டும் என்ற பாதையில் வாசகர்களைத் தயார்ப்படுத்தியதில் அந்த ஏட்டுக்குப் பெரும் பங்குண்டு.

ஒரே நாளில் இந்த ஏடுகளை வரிசையாக வைத்து வாசித்தால் பேச்சின் போக்கை ஓரளவு கணிக்கலாம் என்று ஹாங்காங் மக்கள் கற்றுக்கொண்டார்கள். பெய்ஜிங் ஆதரவு ஏடுகளின் சுரம் கடுமையானால் பேச்சு சிக்கியிருக்கிறது என்று பொருள். நாணயம் சரிந்தபோது, பிரிட்டன் வேண்டுமென்றே ‘பொருளாதாரச் சீட்டை’ விளையாடுகிறது என்று அவை எழுதின. மக்களின் விருப்பத்தைப் பற்றி ஆளுநர் பேசினால் அது ‘மக்கள் கருத்துச் சீட்டு’. 1983 ஜூலையில், தான் ஹாங்காங் மக்களின் பிரதிநிதியாகப் பேச்சில் கலந்துகொள்வதாக யூட் சொன்னபோது, அவர் பிரிட்டிஷ் குழுவின் உறுப்பினர் மட்டுமே என்று சீன வெளியுறவு அமைச்சகம் உடனே மறுத்தது. இரண்டு கால்களே உள்ள பேச்சு இது, ‘மூன்று கால் முக்காலி’ கிடையாது என்பது பெய்ஜிங்கின் உறுதியான நிலை. கசப்பான விஷயம் என்னவென்றால், இதில் சீனா சொன்ன ஒரு வாதத்துக்குப் பிரிட்டனால் பதில் சொல்ல முடியவில்லை: ஹாங்காங் மக்கள் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கவில்லை. நூற்று நாற்பது ஆண்டுகள் ஆண்ட பிரிட்டன், சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைக்கூடத் தேர்தல் மூலம் வர விட்டதில்லை.

போதாக்குறைக்கு, 1972இலேயே சீனாவின் கோரிக்கையின்படி ஹாங்காங்கும் மக்காவும் ஐ.நா.வின் குடியேற்றநாடுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. சுயநிர்ணய உரிமை என்ற வாசல் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சத்தமின்றிச் சாத்தப்பட்டுவிட்டது. அன்று ஹாங்காங்கில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

1984இல் நிகழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எந்த உடன்பாடும் இறுதியாகும் முன் தங்கள் அவையில் விவாதிக்கப்பட வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர் ரோஜர் லோபோ மார்ச் 14 அன்று தீர்மானம் கொண்டுவந்தார். நியமன உறுப்பினர்களின் அவையிலிருந்து எழுந்த குரல்தான் அது. ஆயினும் ஊர் அதை வரவேற்றது, பெய்ஜிங் ஆதரவு ஏடுகள் அதைத் தாக்கின. இரண்டு வாரத்தில், மார்ச் 28 அன்று, ஜார்டின் மாத்திசன் நிறுவனம் தன் சட்டபூர்வமான இருப்பிடத்தைப் பெர்முடாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அபினி வணிகத்தில் செல்வம் சேர்த்து, ஹாங்காங் பிறக்கவே காரணமான நிறுவனங்களில் ஒன்று அது. மறுநாள் பங்குச் சந்தை சரிந்தது. பெட்டி படுக்கையைக் கட்ட வசதி இருப்பவர்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றே சாதாரண மக்கள் இதை வாசித்தார்கள். ஏப்ரல் 20 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டி, 1997க்குப் பிறகும் பிரிட்டிஷ் நிர்வாகம் தொடரும் வகையில் ஓர் உடன்பாட்டை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். எல்லோரும் ஊகித்திருந்ததுதான். ஆனாலும் இரண்டு ஆண்டு இரகசியத்துக்குப் பிறகு அரசு தன் வாயால் சொன்ன முதல் நேர்மையான வாக்கியம் அது என்பதால், அன்றைய செய்தி பலருக்கு அதிர்ச்சியையும் ஒருவித ஆறுதலையும் சேர்த்தே தந்தது.

மே மாதம் 25ஆம் தேதி நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1997க்குப் பிறகு ஹாங்காங்கில் படை நிறுத்தப்படாது என்று மூத்த சீனத் தலைவர் கெங் பியாவ் ஹாங்காங் செய்தியாளர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்திருந்தது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, டெங் செய்தியாளர்களை அழைத்து, அது வெறும் உளறல், மத்திய அரசின் கருத்தல்ல, படை நிச்சயமாக நிறுத்தப்படும் என்று சினத்தோடு சொன்னார். பெரிய பதவியில் இருப்பவர் கொடுத்த உறுதிமொழியைக்கூட அவருக்கும் மேலே ஒருவர் ஒரே நிமிடத்தில் அழித்துவிட முடியும் என்பதை நகரம் கண்ணால் கண்டது. இரகசியப் பேச்சின் இருபத்திரண்டு சுற்றுகளும் சொல்லாததை அந்தச் சில நொடிகள் சொல்லிவிட்டன.

இதே மாதத்தில்தான் நிர்வாக சபை, சட்டமன்றம் ஆகியவற்றின் நியமன உறுப்பினர்கள் லண்டன் சென்று, உடன்பாட்டுக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மன்றாடினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு குளிர்ச்சியானது. நீங்கள் யாருடைய பிரதிநிதிகள் என்ற கேள்வி லண்டனிலும் எழுந்தது. அவர்களை நியமித்ததே லண்டன் அனுப்பிய ஆளுநர்கள்தாம். ஜூன் 23 அன்று அவர்களில் மூத்தவரான சுங் ஸெ-யுவனும் இரு சகாக்களும் பெய்ஜிங்கில் டெங்கைச் சந்தித்தபோது, தனிமனிதர்களாக மட்டுமே வரவேற்கப்படுவதாகச் சொல்லப்பட்டது. உண்மையான அதிகாரம் பெய்ஜிங்கிலேயே இருந்துவிடுமோ, கீழ்மட்ட அதிகாரிகள் கொள்கையைச் சரியாகச் செயல்படுத்துவார்களா, வருங்காலத் தலைவர்கள் கொள்கையை மாற்றிவிடுவார்களோ என்ற மூன்று அச்சங்களை சுங் எடுத்துரைத்தார். டெங் அவற்றை நம்பிக்கையின்மை என்று தள்ளிவிட்டார். ஊரில் சிலர் இந்தக் குழுவைப் பழைய ஆட்சியின் ஒட்டுண்ணிகள் என்று ஏசினார்கள். யார் நியமித்தவர்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தேநீர்க் கடைகளில் மக்கள் தாழ்ந்த குரலில் பேசியதை அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் அவர்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

செப்டம்பர் 26 அன்று உடன்பாட்டின் வரைவில் இரு தரப்பும் சுருக்கொப்பமிட்டன. வரைவு அச்சிடப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டபோது நகரமெங்கும் நீண்ட வரிசைகள் நின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு வாழ்க்கைமுறை மாறாது, தனிச் சட்டமுறை தொடரும், சட்டமன்றம் தேர்தல் மூலம் அமையும், பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் காக்கப்படும் என்று அது விரிவாகப் பேசியது. எதிர்பார்த்ததைவிட நல்ல உடன்பாடு என்பதே பெரும்பாலான ஏடுகளின் தீர்ப்பு. பிரிட்டிஷ் ஏடுகளும் பாராட்டின.

மக்களின் கருத்தை அறிய அரசு ஒரு ‘மதிப்பீட்டு அலுவலகம்’ அமைத்தது. அது நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க பேட்ரிக் நேர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் சைமன் லீ என்ற ஹாங்காங் நீதிபதியும் நியமிக்கப்பட்டனர். வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. வரைவில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது, இதை ஏற்காவிட்டால் உடன்பாடே இல்லாமல் சீனா ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளும் என்று அரசு முன்கூட்டியே சொல்லியிருந்தது. அந்த நிலையில், பெரும்பாலோர் ஏற்கத்தக்கதாகக் கருதுகிறார்கள் என்று நவம்பர் இறுதியில் அலுவலகம் அறிக்கை கொடுத்ததில் வியப்பில்லை. ஏற்றுக்கொண்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘ஏற்கிறேன்’ என்பதற்கும் ‘வேறு வழியில்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தை அளக்கும் கருவி அந்த அலுவலகத்திடம் இல்லை. ஹாங்காங் மக்களுக்கு ஏற்கத்தக்க தீர்வு என்று பிரிட்டன் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாக்குறுதி, இப்படித்தான் நிறைவேற்றப்பட்டதாகக் கணக்கெழுதப்பட்டது.

கடவுச்சீட்டுப் பிரச்சினை அப்படி எளிதில் அடங்கவில்லை. 1983 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியுரிமைச் சட்டம் ஹாங்காங்கின் பிரிட்டிஷ் குடிமக்களுக்குப் பிரிட்டனில் வசிக்கும் உரிமை இல்லை என்பதை இறுக்கி எழுதியது. அதே ஆண்டு ஃபாக்லாந்து தீவினருக்கு மட்டும் தனிச் சட்டம் மூலம் முழுக் குடியுரிமை அளிக்கப்பட்டதை ஹாங்காங் மக்கள் கவனிக்காமல் இல்லை. இதில் மிகவும் நெருக்கடிக்கு உள்ளானவர்கள், பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினர். நகரத்தின் புகழ்பெற்ற ஸ்டார் படகுப் போக்குவரத்தைத் தொடங்கியவரும், ஹாங்காங் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு நிதி அளித்தவரும் பார்சிகள். காவல்துறையின் ஆரம்ப காலத்தில் சீக்கியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். சீன வம்சத்தவரைச் சீனா தன் குடிமக்களாக ஏற்கும், இவர்களை ஏற்காது. பிரிட்டன் தர முன்வந்ததோ, பிரிட்டனில் குடியேற உரிமை தராத, பிள்ளைகளுக்கும் கடத்த முடியாத ஒரு பயண ஆவணம். நாடற்றவர்களாக ஆகிவிடுவோம் என்ற அவர்களின் முறையீடு அன்று உடன்பாட்டைப் பற்றிய கொண்டாட்டச் செய்திகளுக்குள் ஒரு சிறு பத்தியாகவே இடம்பெற்றது. அவர்களுக்கு முழுக் குடியுரிமைக்கு வழிசெய்யும் சட்டம் லண்டனில் நிறைவேற 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1984 டிசம்பர் 19 அன்று தாட்சரும் சாவ் சியாங்கும் பெய்ஜிங்கில் அந்த உடன்பாட்டில், அதாவது கூட்டுப் பிரகடனத்தில், கையெழுத்திட்டார்கள். அந்த நிகழ்ச்சியை ஹாங்காங்கில் நேரலையாகப் பார்த்த குடும்பங்களில் பல, கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்வதற்கான விண்ணப்பங்களை அடுத்த சில ஆண்டுகளில் நிரப்பின. எண்பதுகளின் முதற்பாதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் என்றிருந்த குடிபெயர்வு, 1992இல் 66,000ஐத் தொட்டது.